நாம் போட்ட ஓட்டு நாம் நினைத்ததைச் சொல்கிறதா? (வாசகர் கேள்வி பதில்)

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஓட்டு, எம்.எல்.ஏ., கிராம சபை பற்றிய கேள்விகள்தான் அதிகம். அதனால் பிள்ளைகளின் படிப்பு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் தேர்தல் பணிக்கும் போனவள் நான். வாக்குச்சாவடியிலும் எண்ணும் இடத்திலும் உட்கார்ந்து பார்த்ததையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

டீச்சர், எங்கள் தொகுதியில் ஜெயித்தவர் பாதி ஓட்டுகூட வாங்கவில்லை. அவரை வேண்டாம் என்று சொன்னவர்கள்தான் அதிகம். அப்புறம் எப்படி அவர் எங்கள் பிரதிநிதி ஆகிறார்?
– தேவகோட்டை வாசகர்

சட்டப்படி ஆகிறார். நம் முறையில் பாதியைத் தாண்ட வேண்டும் என்று விதி கிடையாது. போட்டியிட்டவர்களில் யாருக்கு அதிகமோ அவர் ஜெயித்தவர், அவ்வளவுதான். 2021இல் தியாகராய நகரில் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது 137 ஓட்டு. 2016இல் ராதாபுரத்தில் 49 ஓட்டு. அந்த 49க்காக வழக்கு நடந்தது, உயர் நீதிமன்றம் சொல்லி ஒரு பகுதி ஓட்டுகளை மறுபடி எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தடை நீங்குவதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் ஐந்து வருடமும் முடிந்துவிட்டது.

ஒரு தொகுதியில் நடப்பதைவிட மாநிலம் முழுவதும் கூட்டிப் பார்த்தால்தான் உங்கள் வருத்தத்தின் நியாயம் தெரியும். 1991 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்கு 100க்கு 22 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டிருந்தார்கள். கிடைத்த இடம் 234இல் இரண்டே இரண்டு. அடுத்த தேர்தலில், 1996இல், அ.தி.மு.க.வுக்கு 100க்கு 21 பேருக்கு மேல். கிடைத்தது நான்கு இடம். 2014 மக்களவைத் தேர்தலில் 44 சதவீத ஓட்டுக்கு அ.தி.மு.க.வுக்கு 39இல் 37 தொகுதிகள், 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, ஒரு முறையாவது இந்த அடி வாங்கியிருக்கிறார். ஆனால் ஆட்சியில் இருக்கும்போது யாரும் முறையை மாற்றப் பேசுவதில்லை.

நம் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் இதைப் பேசாமல் விடவில்லை. 1949 ஜனவரியில், கட்சிகள் வாங்கும் ஓட்டுக்கு ஏற்ற விகிதத்தில் இடம் தர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். அம்பேத்கர் மறுத்தார். அந்த முறையில் வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும், எண் எழுதத் தெரியாத மக்கள் இவ்வளவு பேர் இருக்கும் நாட்டுக்கு அது ஒத்துவராது, சபையும் துண்டு துண்டாகிவிடும் என்பது அவருடைய வாதம். அன்றைக்கு அது சரியான கவலைதான். இன்றைக்கு முதல் காரணம் பெரும்பாலும் போய்விட்டது. இரண்டாவது காரணம் இன்னும் இருக்கிறது. இத்தனைக்கும் மாநிலங்களவை உறுப்பினரை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கும்போது இதே விருப்ப வரிசை முறையில்தான் ஓட்டுப் போடுகிறார்கள். நமக்கு மட்டும்தான் அது இல்லை.

விகித முறை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1978 அரசியலமைப்பில் விகித முறைக்கு மாறினார்கள். கட்சிக்கு ஒரு ஓட்டு, அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்கு. ஒரு கட்சிக்கு விழுந்த ஓட்டு பெரும்பாலும் வீணாகாமல் இடமாக மாறியது உண்மை. ஆனால் தேர்தல் மாவட்டமே தொகுதியாகிவிட்டதால் ‘இவர்தான் எங்கள் ஊர் உறுப்பினர்’ என்று கைகாட்ட ஆள் இல்லாமல் போனது. விருப்பு வாக்குக்காக ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். அதனால்தான் 2018 உள்ளாட்சித் தேர்தலில் வட்டாரமும் விகிதமும் கலந்த முறைக்கு வந்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், நமக்கும் கலப்பு முறைதான் பொருந்தும். தொகுதிக்கு ஒருவர் இருக்கட்டும். அதோடு மாநில அளவில் வாங்கிய ஓட்டுக்கும் கிடைத்த இடத்துக்கும் உள்ள பள்ளத்தை நிரப்ப ஒரு பங்கு இடங்களை ஒதுக்கட்டும். ஜெர்மனியில் பல காலமாக இப்படித்தான் நடக்கிறது.

எம்.எல்.ஏ.வைப் பார்க்க மூன்று முறை போய்த் திரும்பிவிட்டேன். ஒரு எம்.எல்.ஏ. எத்தனை பேரைத்தான் பார்ப்பார் என்று அவருடைய உதவியாளர் கேட்கிறார்.
– சோழிங்கநல்லூர் வாசகி

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது அம்மா. 2021 தேர்தலின்போது உங்கள் தொகுதியில் கிட்டத்தட்ட 7 லட்சம் வாக்காளர்கள். அதே சென்னையில் துறைமுகம் தொகுதியில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம். இரண்டுக்கும் ஒரே ஒரு உறுப்பினர். 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதி பிரித்தார்கள், அதற்குப் பிறகுதான் உங்கள் பக்கம் ஊரே எழும்பியது. உங்கள் ஓட்டின் எடை துறைமுகத்துக்காரர் ஓட்டில் கால் பங்கு என்பது நியாயமே இல்லை. நேரில் பார்க்க முடியாவிட்டால் மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மஞ்சள் விவசாயி. எனக்கு ஒரு கட்சியின் ஒரு திட்டம் பிடிக்கும், அதே கட்சியின் இன்னொரு திட்டம் என் வயிற்றில் அடிக்கும். பட்டன் ஒன்றுதானே இருக்கிறது? இதை எப்படிச் சொல்வது?
– சிவகிரி வாசகர், ஈரோடு மாவட்டம்

இந்தக் கேள்வியை மூன்று முறை படித்தேன் ஐயா. வந்த கடிதங்களில் சாரமான கேள்வி இதுதான். ஓட்டு என்பது ஒரு பெயரை மட்டும்தான் மேலே கொண்டுபோகிறது. அந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதை அது கொண்டுபோவதில்லை. ஒருவர் ரேஷன் அரிசிக்காகப் போட்டிருப்பார், ஒருவர் தன் சாதிக்காரர் என்று போட்டிருப்பார், ஒருவர் எதிரில் நிற்பவர் மேல் இருந்த கோபத்தில் போட்டிருப்பார். எண்ணும் மேசைக்கு வரும்போது எல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று என்றுதான் விழும். ஜெயித்தவர் அத்தனையையும் சேர்த்து ‘என் எல்லாத் திட்டத்துக்கும் மக்கள் ஆதரவு’ என்று எடுத்துக்கொள்கிறார்.

இதை உங்கள் தொகுதிக்காரர்கள் நாட்டுக்கே காட்டியிருக்கிறார்கள். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளர்கள். தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று விவசாயிகள் கூட்டமாகப் போய் வேட்புமனு போட்டார்கள். ஓட்டுப் போட்டுச் சொல்ல முடியாததைப் போட்டியிட்டுச் சொன்னார்கள். தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள்.

என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியை அங்கே பணிக்குப் போயிருந்தார். அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. வயதானவர்கள் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போவார்கள். பக்கம் பக்கமாகத் திருப்புகிற சத்தம் வெளியே கேட்குமாம். சின்னம் கிடைக்காமல் ஒரு பாட்டி திரும்பி வந்து, “எனக்குக் கண்ணு தெரியல, நீயே அந்தப் பக்கத்த எடுத்துக் குடு சாமி” என்றிருக்கிறார். எடுத்துக் கொடுத்தால் அவர் யாருக்குப் போடுகிறார் என்று தெரிந்துவிடும். பக்கத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று அதிகாரி சொல்ல, பாட்டி மறுபடி உள்ளே போய் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். வெளியே வரிசை நகரவே இல்லை. யாரும் முணுமுணுக்கவும் இல்லையாம். வரிசையில் நின்றவர்களில் பலர் அந்தப் புத்தகத்துக்குள் பெயர் இருந்தவர்களின் சொந்தபந்தம்.

முடிவு என்ன தெரியுமா? 88 வேட்பாளர்களுக்கு ஓர் ஓட்டுகூட விழவில்லை, அவர்களுடைய சொந்த ஓட்டும் சேர்த்து. ஜெயிப்பதற்காக அவர்கள் நிற்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அரசாங்கம் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்தான் எனக்கு ஆறவே இல்லை. சட்டமன்ற வேட்பாளரின் காப்புத்தொகை 250 ரூபாயாக இருந்தது. அதை 5,000 ஆக்கினார்கள். சுயேச்சைக்கு முன்மொழிபவர் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். விவசாயிகள் சொல்ல வந்த விஷயம் அப்படியே கிடக்க, சொன்ன வழியை மட்டும் அடைத்தார்கள்.

அப்படியும் 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 170க்கும் மேற்பட்ட விவசாயிகள் மக்களவைத் தேர்தலில் நின்றார்கள். அவர்களும் உங்களைப் போல மஞ்சள் போடுகிறவர்கள். மஞ்சளுக்கு வாரியம் வேண்டும், கட்டுப்படியாகிற விலை வேண்டும் என்பது கோரிக்கை. அங்கே முதலமைச்சரின் மகளே தோற்றார். மஞ்சள் வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்த வேட்பாளர் ஜெயித்தார். தேசிய மஞ்சள் வாரியம் 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாக வைத்துத் திறக்கப்பட்டது. உங்கள் விலை அதனால் எவ்வளவு ஏறும் என்பது தனிக் கதை. ஆனால் ஒற்றைக் கோரிக்கையை முன்னால் வைத்து, சங்கமாக, தேர்தலுக்கு முன்பே எழுத்தில் வாங்கியவர்களுக்கு ஏதோ ஒன்று கைக்கு வந்தது. தனித்தனியாகப் பட்டன் அழுத்திவிட்டு வந்தவர்களுக்கு இது கிடைத்திருக்காது. நீங்களும் வேட்பாளர்கள் உங்கள் ஊருக்கு வருகிற அந்தப் பதினைந்து நாளில் மனுவைத் தனியாகக் கொடுக்காமல் சங்கத்தோடு போய்க் கொடுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.

2016 முதல் 2021 வரை எங்கள் அரவக்குறிச்சி பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? நாங்கள் தேர்ந்தெடுத்தவரைப் பதவியிலிருந்து எடுக்க நாங்கள் யாரையும் கேட்டோமா?
– பள்ளப்பட்டி வாசகர்

நன்றாகத் தெரியும். 2016 மே மாதம் மாநிலமே ஓட்டுப் போட்டபோது, பண விநியோகப் புகாரால் உங்கள் தொகுதியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். நவம்பரில்தான் நீங்கள் ஓட்டுப் போட்டீர்கள். அடுத்த வருடம் செப்டம்பர் 18 அன்று, முதலமைச்சர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 எம்.எல்.ஏ.க்களைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார். உங்கள் உறுப்பினரும் அதில் ஒருவர். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லி, மூன்றாவது நீதிபதியிடம் போய், தகுதி நீக்கம் செல்லும் என்று முடிந்தது. இடைத்தேர்தல் வந்தபோது 2019 ஏப்ரல், மே. ஒன்றரை வருடத்துக்கும் மேலாக 18 தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் பேச ஆள் இல்லை. அந்த நேரத்தில் அங்கே பட்ஜெட் போட்டார்கள், சட்டம் இயற்றினார்கள்.

இதில் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாத இடம் வேறு. அதே 2017இல் பிப்ரவரி 18 அன்று சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன்னால் பல நாள் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் இருந்தார்கள், அது ஊருக்கே தெரியும். 122க்கு 11 என்று தீர்மானம் நிறைவேறியது. இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறி எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த 11 பேர் மேல் நடவடிக்கை இல்லை. ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேருக்குப் பதவி போனது. இரண்டு பக்கத்தில் யார் செய்தது சரி என்று நான் சொல்லவரவில்லை. எந்தப் பக்கமாக இருந்தாலும், முடிவு ஒரே ஒரு நாற்காலியில் இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் ஒரு கட்சிக்காரர்தான்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. காசுக்கும் பதவிக்கும் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம், நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் அது இன்னொன்றையும் செய்தது. கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாத உறுப்பினர் பதவியை இழக்கலாம் என்று ஆனதும், உங்கள் தொகுதிக்குக் கெடுதல் என்று தெரிந்த ஒரு மசோதாவுக்கும் உங்கள் உறுப்பினர் கை தூக்கியே ஆக வேண்டும். நீங்கள் அனுப்பிய ஆள் அங்கே போனதும் கட்சியின் ஆள் ஆகிவிடுகிறார். ஆட்சி கவிழக்கூடிய நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் கொறடா உத்தரவு கட்டுப்படுத்தட்டும், மற்ற மசோதாக்களில் உறுப்பினர் தன் தொகுதியை நினைத்து ஓட்டுப் போடட்டும். பதவி நீக்கத்தைப் பேரவைத் தலைவர் கையிலிருந்து எடுத்து ஒரு தனி ஆணையத்திடம் கொடுக்கட்டும். இந்த இரண்டையும் செய்யாமல் நம் ஓட்டு சட்டமன்றத்துக்குள் நம்மைப் பேசும் என்று என்னால் சொல்ல முடியாது.

எங்கள் தெருவுக்குக் குடிநீர்த் தொட்டி கேட்டுப் போனோம். “உங்க பூத்துல எங்களுக்கு விழுந்தது எவ்வளவுன்னு தெரியும், போங்க” என்று சொல்லிவிட்டார் ஒரு நிர்வாகி. ஓட்டு ரகசியம் என்றுதானே சொன்னீர்கள் டீச்சர்?
– வாசகி (ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

உங்கள் ஓட்டு ரகசியம்தான். உங்கள் சாவடியின் ஓட்டு ரகசியம் இல்லை. வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்து எண்ண வழி இருந்தது. கட்டுக் கட்டாகக் கட்டி, பெரிய டிரம்முக்குள் போட்டுக் கலக்கிவிட்டு மேசைக்கு எடுத்து வருவார்கள். எந்தக் கட்டு எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று எண்ணுகிற எங்களுக்கே தெரியாது. தமிழ்நாட்டில் 2001 சட்டமன்றத் தேர்தலிலிருந்து எல்லாத் தொகுதியிலும் மின்னணு இயந்திரம் வந்தது. ஒரு சாவடிக்கு ஓர் இயந்திரம், அந்த இயந்திரத்தின் முடிவைத் தனியாக வாசிக்கிறார்கள், முகவர்கள் குறித்துக்கொள்கிறார்கள், பிறகு சாவடிவாரியான பட்டியலே வெளியாகிறது. ஆயிரம் பேர் இருக்கிற ஒரு சாவடியில் நாலு தெருதான் இருக்கும். எந்தத் தெரு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கப் பெரிய புத்தி வேண்டாம். காலனிக்குத் தனிச் சாவடி இருக்கிற ஊர்களில் நிலைமை இன்னும் மோசம்.

இதற்கு மருந்து இருக்கிறது. பல இயந்திரங்களை ஒன்றாக இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டுகிற கருவி ஒன்று உண்டு. 2008லேயே தேர்தல் ஆணையம் இதைக் கொண்டுவர யோசனை சொன்னது. 2015இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. சாவடிவாரிக் கணக்கு கட்சிகளுக்கு உபயோகமான கணக்கு என்பதால் கட்சிகளும் இதற்காகக் குரல் கொடுப்பதில்லை. தண்ணீர்த் தொட்டிக்காகப் பயந்து ஓட்டுப் போடுகிற ஓர் ஊரின் ஓட்டை வைத்து அந்த ஊரின் விருப்பம் இதுதான் என்று சொல்ல முடியுமா? நிர்வாகியிடம் இனிமேல் போகாதீர்கள். குடிநீர் உங்கள் உரிமை. ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுங்கள், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் ஒரு பிரதி கொடுங்கள். தனியாகப் போகாமல் தெருப் பெண்கள் பத்துப் பேராவது சேர்ந்து போங்கள்.

நோட்டாவுக்குப் போட்டால் எங்கள் எதிர்ப்பு பதிவாகும்தானே?
– பெரம்பலூர் வாசகர்

பதிவாகும், எண்ணுவார்கள், முடிவில் எதுவும் மாறாது. ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்கிற இந்தப் பட்டன் 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 2,373 பேர் நோட்டாவுக்குப் போட்டார்கள், ஒரு தேசியக் கட்சி வாங்கியது அதைவிடக் குறைவு. ஆனால் நோட்டாவே முதலிடத்தில் வந்தாலும் அடுத்து இருப்பவர்தான் சட்டமன்றத்துக்குப் போவார். நோட்டா முதலில் வந்தால் வேறு வேட்பாளர்களை வைத்து மறுதேர்தல் என்று ஆகும் வரை, இருப்பவர்களில் யாரால் உங்கள் ஊருக்குக் கெடுதல் குறைவு என்று பார்த்துப் போடுவதே நல்லது என்பேன்.

எல்லாரிடமும் செல்போன் இருக்கிறது. ஒவ்வொரு சட்டத்துக்கும் மக்களையே நேரடியாகக் கேட்டுவிட்டால் என்ன? இடையில் இந்த எம்.எல்.ஏ., எம்.பி. எதற்கு?
– ஓசூர் வாசகர்

தம்பி, பெரும்பான்மையிடம் கேட்டால் நியாயம் கிடைக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்குப் பாப்பாப்பட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும் நினைவுக்கு வருகின்றன. மதுரை மாவட்டத்து ஊராட்சிகள். 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே தேர்தலை ஒழுங்காக நடத்த விடவில்லை. மனு போட ஆள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். மீறி ஒருவர் ஜெயித்தால் பதவி ஏற்ற கையோடு ராஜினாமா செய்ய வைத்தார்கள். அந்த ஊர்களில் செல்போனில் ஓட்டெடுப்பு வைத்திருந்தால் ‘ஒதுக்கீடு வேண்டாம்’ என்றுதான் பெரும்பான்மை சொல்லியிருக்கும். 2006 அக்டோபரில் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றது ஊர் பெரும்பான்மையின் விருப்பத்தால் வந்ததில்லை. அரசியலமைப்பு ஒதுக்கீட்டை உறுதி செய்திருந்தது, அதை விட்டுக்கொடுக்காத இயக்கங்கள் இருந்தன, மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. அதே மாவட்டத்தில், தலைவர் பதவி இப்படி ஒதுக்கப்பட்ட மேலவளவில் அதுவும் போதவில்லை. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். தலைவராக ஜெயித்ததுதான் அவர் செய்த குற்றம்.

நேரடி ஓட்டெடுப்புக்குப் பேர்போன சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கலாமா என்று 1959இல் நாடு முழுவதும் கேட்டார்கள். கேட்டது ஆண்களிடம். மூன்றில் இரண்டு பங்குப் பேர் கூடாது என்றார்கள். தேசியத் தேர்தலில் அந்த ஊர்ப் பெண்கள் ஓட்டுப் போட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மாகாணம் அப்போதும் உள்ளூர் ஓட்டை மறுத்து, 1990இல் நீதிமன்றம் சொல்லித்தான் கொடுத்தது. நம் பாட்டிமார் 1952இலேயே போட்டுவிட்டார்கள்.

சில விஷயங்களில் மக்களை நேரடியாகக் கேட்கத்தான் வேண்டும், அதை அடுத்த பதிலில் சொல்கிறேன். ஆனால் ஒருவருடைய உரிமையை இன்னொருவரின் ஓட்டுக்கு விட முடியாது.

டீச்சர், போன தேர்தலில்தான் முதல் ஓட்டுப் போட்டேன். அதோடு என் வேலை முடிந்ததா? அடுத்த தேர்தல் வரைக்கும் நான் என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, துறையூர்

கண்ணு, உன் ஊர் ஊராட்சியாக இருந்தால் வருடத்தில் ஆறு நாள் உனக்கு வேலை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அன்றைக்குக் கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற அத்தனை பேரும் அதற்கு உறுப்பினர். உன் சார்பில் யாரையும் அனுப்ப வேண்டாம், நீயே போய் உட்காரலாம், நீயே பேசலாம். ஒரு திட்டத்தைப் பற்றி உன் மனதில் இருப்பதை முழு வாக்கியமாகச் சொல்லவும் அதை எழுதிவைக்கவும் சட்டம் உனக்குக் கொடுத்திருக்கிற ஒரே சபை அதுதான்.

அங்கே எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மரத்தடியிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ சமுக்காளம் விரித்திருப்பார்கள். நூறு நாள் வேலைக்கு வருகிற பெண்கள் முன்வரிசையில் இருப்பார்கள். போனதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். வரவு செலவு வாசிப்பதாகப் பெயர் இருக்கும், ஒருவர் வேகமாகத் தலைப்பை மட்டும் சொல்லிக்கொண்டே போவார். தீர்மானத்தைப் பல ஊர்களில் கூட்டம் கலைந்த பிறகு எழுதுகிறார்கள், நீ போட்ட கையெழுத்து அதற்குச் சம்மதமாகிவிடுகிறது. அதனால் போனவுடன் செய்ய வேண்டியது இது: தீர்மானத்தை அங்கேயே எழுதி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கச் சொல். செலவுக் கணக்கில் ஒரே ஒரு இனத்தைப் பிடித்துக்கொள். தெருவிளக்கு என்றால் எத்தனை பல்பு, எந்தத் தெரு, எவ்வளவு ரூபாய் என்று கேள். ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டால் அடுத்த சபைக்குப் பத்துப் பேர் கேள்வியோடு வருவார்கள், இதை என் பழைய மாணவிகள் இருக்கிற ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

அங்கே போட்ட தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா என்று அடுத்துக் கேட்பாய். சட்டம் கொடுத்த இடத்தில் உண்டு. ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் கைகொடுத்தது. 12 கிராம சபை கூடியது, பன்னிரண்டும் வேண்டாம் என்றது, சுரங்கம் நின்றது. அதே சமயம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏகனாபுரத்தைப் பார். பரந்தூர் விமான நிலையத்துக்காக நிலம் போகிற ஊர். 2022 முதல் கிராம சபைக்குக் கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். திட்டம் நிற்கவில்லை. ஒரு ஊர் இவ்வளவு தெளிவாக, இத்தனை முறை, எழுத்தில் சொன்ன பிறகும் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று யார் மேடை கொடுத்தாலும் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனி. உள்ளாட்சிக்குத் தேர்தலே ஒழுங்காக நடப்பதில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, மூன்று வருடத்துக்கும் மேல் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. அப்படித் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் ஊராட்சியை நடத்த மறுபடி அரசு அதிகாரிகளான தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூட்டியாக வேண்டும். கூட்டத்துக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பொருள் நிரலைக் கேட்டு வாங்கு. கூட்டம் முடிந்ததும் தீர்மானத்தின் நகல் கேள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடு, 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். மனு எழுதத் தெரியவில்லை என்றால் எனக்கு ஒரு கடிதம் போடு, மாதிரி ஒன்று எழுதி அனுப்புகிறேன்.